மஞ்சள் தாள்

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் மேசையில் இருக்கும் ஸ்கோர் தாளை நான்காகப் பிரிப்பார்கள். மேலே இருக்கிற வெள்ளையும் அதற்கடுத்த நீலமும் போட்டியை நடத்துகிறவர்களுக்கு. மூன்றாவது இளஞ்சிவப்பு, ஜெயித்த அணிக்கு. அடியில் இருப்பது மஞ்சள், தோற்ற அணிக்கு. எழுதுகிறவர் பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் நான்காவது தாளுக்குப் போய்ச் சேரும்போது எழுத்தில் பாதிதான் மிஞ்சும். தோற்றவனுக்கு ஏன் மங்கலான பிரதி என்று நான் யாரையும் கேட்டதில்லை.

மதுரைப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 27 வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். பெயர்ப்பலகையில்தான் இயக்குநர். பையன்களுக்கு பி.டி. சார். சுதந்திர தினத்துக்குக் கொடிக்கயிறு சரிபார்ப்பது, கல்லூரி விழாவில் கூட்டத்தை உட்காரவைப்பது, கேட்டில் நின்று அடையாள அட்டை பார்ப்பது எல்லாம் எங்கள் தலையில்தான் விழும். வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று எனக்கே தோன்றியது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், மைதானத்தில் விசிலோடு நிற்கும்போது மட்டும்.

இளஞ்சிவப்புத் தாள் எதுவும் என் கையில் தங்கியதில்லை. முதல்வர் கேட்பார். அலுவலகம் ஆண்டறிக்கைக்குக் கேட்கும். கல்லூரியைத் தரம் பார்க்கும் நாக் குழு வருகிறது என்றால் கோப்பில் வைக்க வேண்டும். மஞ்சளை ஒருவரும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு என் மேசை இழுப்பறையில் சேர்ந்துகொண்டே வந்தது. ஓய்வு பெற்ற அன்று ஒரு பழைய ஷூ டப்பாவில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திறந்து பார்த்த என் மனைவி, "இத்தனை தடவையா தோத்தீங்க?" என்றாள்.

படிக்கத் தெரிந்தவனுக்கு அந்தத் தாளில் முழு ஆட்டமும் இருக்கிறது. வலது பக்கம் 1 முதல் 160 வரை எண்கள் வரிசையாக இறங்கும். ஒருவன் பந்தைக் கூடையில் போட்டால் அந்தப் புள்ளியின் மேல் ஒரு சாய்கோடு, பக்கத்தில் அவனுடைய ஜெர்சி எண். மூன்று புள்ளி என்றால் அந்த ஜெர்சி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ என்றால் கரும்புள்ளி. ஆட்டத்தில் இறங்கியவனின் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. முதல் ஐந்து பேரின் குறியைச் சுற்றி வட்டம் போடுவார்கள். கடைசிவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமனே கிடக்கும். முதல், மூன்றாம் கால்பகுதியைச் சிவப்பு மையிலும் மற்ற இரண்டையும் நீலத்திலோ கறுப்பிலோ எழுத வேண்டும் என்பது விதி. மஞ்சள் தாளில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் வந்து சேரும்.

அப்போதெல்லாம் ஜெர்சி எண் 4-ல் தொடங்கி 15-ல் முடியும். 1, 2, 3 கிடையாது. நடுவர் மேசையைப் பார்த்து விரல் காட்டினால் அது புள்ளிக் கணக்கா, ஆட்டக்காரனின் எண்ணா என்று குழம்பக் கூடாது என்பதற்காக. 2014-க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இங்கே நான் எழுதப்போகும் பையன்கள் இன்று ஆளுக்கொரு ஊரில் குடும்பம் குட்டியோடு இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், எண் போதும்.

2011 ஜூலையில் அணித் தேர்வு வைத்தேன். காலை ஐந்தரைக்கு நாற்பது பேர் வந்து நின்றார்கள். ஜெர்சி 12. ஷூட் பண்ணச் சொல்லித் தேர்ந்தெடுப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஐந்து ஐந்து பேராக ஆடவிட்டு, பந்து எதிராளி கைக்குப் போன அடுத்த நொடியில் யார் திரும்பி ஓடுகிறான் என்று மட்டும் பார்ப்பேன். போட்டதைப் பார்த்து ரசித்து நிற்கிறவன் எவ்வளவு அழகாகப் போட்டாலும் கூட்டத்தில் வைத்துக்கொள்ள முடியாது. திரும்பி ஓடுகிறவனுக்கு மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

4 தான் கேப்டன், பி.காம். மூன்றாம் ஆண்டு. குள்ளம், வாய் ஓயாது. பந்தைக் கொண்டுபோகிறவனுக்கு வாய் இருப்பது நல்லது. 11 ஆறடி நாலங்குலம். பள்ளியில் வாலிபால் ஆடியவன். பந்தைப் பிடிப்பதற்குப் பதில் அடிக்க வரும் அந்தக் கையைப் பழக்கி எடுக்கவே எனக்கு ஒரு வருடம் போயிருந்தது. 15 கணிதம் படித்தவன். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை, ஒருநாளும் ஆட்டத்தில் இறக்க முடியாது. அவனுக்கும் அது தெரியும். எதற்கு அவனுக்கு ஜெர்சி கொடுத்தாய் என்று சக ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். பந்து எண்ணி எடுத்துவைக்க, ஐஸ் கட்டி வாங்கிவர, யாருக்கு எத்தனை ஃபவுல் என்று நோட்டில் குறிக்க ஒருவன் வேண்டும் என்று சொல்வேன். உண்மையில் அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பிறகு 7. அவனுடைய பள்ளியில் சிமெண்ட் தரை கிடையாது, மண். மண் தரையில் பந்து சரியாக எழும்பாது. ஆகவே தட்டிக்கொண்டு போகிற பழக்கமே அவனுக்கு வரவில்லை. பந்து கையில் விழுந்த கணத்தில் எறிந்துவிடுவான். முழங்கை ரிங்கைப் பார்த்து நிற்கும், மணிக்கட்டு மடியும், நெட் மட்டும் அசையும். 2010-ல் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டிவரை எங்களை இழுத்துக்கொண்டு போனது அந்த ஒரு கை. அந்த வருட இறுதியாட்டத்து மஞ்சள் தாளில் 7 என்ற எண்ணைச் சுற்றி ஆறு வட்டங்கள் இருக்கின்றன.

அந்த ஆறும் 6.25 மீட்டர் கோட்டுக்கு வெளியே இருந்து வந்தவை.

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 2010 அக்டோபர் 1 முதல் அந்தக் கோட்டை 6.75 மீட்டருக்குத் தள்ளியிருந்தது. ரிங்குக்குக் கீழே சரிவகமாக இருந்த பகுதி செவ்வகமானது. பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு உடனே, மற்றவர்களுக்குச் சற்று அவகாசம். அந்த அவகாசம்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. 2011-ல் ஒரு மைதானத்தில் பழைய கோடு இருக்கும். அடுத்த ஊரில் புதிய கோடு இருக்கும். இன்னொரு ஊரில் இரண்டும் இருக்கும், எது செல்லும் என்று நடுவர் வந்துதான் சொல்வார். ஆகஸ்டில் எங்களுக்குத் தகவல் வந்தது: இந்த வருடக் கல்லூரிப் போட்டி புதிய அளவில்.

கோடு போட நாங்களே இறங்கினோம். எல்லைக்கோட்டின் உட்புறத்திலிருந்து 1.575 மீட்டர் தள்ளி, ரிங்கின் நடுவுக்கு நேர் கீழே ஓர் ஆணி. ஆணியில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் சுண்ணாம்புக் கட்டி. 15 குனிந்து அளக்க, 11 கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தான். வெள்ளை பெயிண்டுக்கு அலுவலகத்தில் கோட்டேஷன் கேட்டார்கள், மூன்று கடையில் வாங்கிவரச் சொன்னார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கு அடித்ததில் மீந்த நீலம் அரை டின் ஸ்டோர் ரூமில் கிடந்தது. அதை எடுத்து அடித்துவிட்டோம். பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வெள்ளை உள்ளே, நீலம் வெளியே. பையன்களிடம், "இனிமே வெள்ளையப் பாக்காதீங்கடா, நீலம்தான் கணக்கு" என்று சொன்னதோடு என் பொறுப்பு முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

அரை மீட்டர் என்பது ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். 28 மீட்டர் நீள மைதானத்தில் அது ஒரு பெரிய விஷயமா? அந்த மாதமே பக்கத்து ஊரில் நடந்த உள்ளூர்ப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். மஞ்சள் தாளில் 7-க்கு ஒரே ஒரு வட்டம். எறிந்தது பத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. தொலைவிலிருந்து எறிந்த பந்து முன்விளிம்பில் பட்டால் நேரே எதிரணியின் ஓட்டக்காரன் கைக்குத்தான் போகும். அதாவது அவன் தவறவிட்ட ஒவ்வொரு பந்தும் எங்களுக்கு மூன்று புள்ளி நஷ்டம் இல்லை, ஐந்து.

தோற்ற ஆட்டத்தைப் பற்றித் திரும்பி வரும் பஸ்ஸில் பேசக் கூடாது என்று என் அணிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். பஸ்ஸில் பேசினால் யார் தலையை உருட்டலாம் என்றுதான் பேச்சு போகும். மறுநாள் மைதானத்தில் தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசலாம். அன்றும் யாரும் பேசவில்லை. மேலூர் வரும்வரை 7 ஜன்னல் கம்பியில் மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் நான் செய்தது இன்றும் எனக்குக் கூசுகிறது. "கையில இன்னும் பலம் கொடுடா" என்றேன். ஒரு வாரம் தண்டால், தோளுக்கு எடை. பத்து நாளில் முழங்கை வெளியே விரிந்துவிட்டது. பந்து ரிங்குவரை போனது, ஆனால் இடமும் வலமுமாக. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன் நான். 1920-ல் அதைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்து வந்தவர். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கிய அதே இடம். படிக்கும் காலத்தில், நாங்கள் ஏதோ நெய்ஸ்மித்தின் நேர்ப் பேரப்பிள்ளைகள் மாதிரி எங்களுக்குள் ஒரு மிதப்பு உண்டு. அப்படிப்பட்ட பேரன்தான் நல்லதொரு ஷூட்டரின் கையைப் பத்தே நாளில் கெடுத்துவைத்தேன்.

7 தான் கடைசியில் வாயைத் திறந்தான். "சார், மே மாசம் பெரியகுளம் கூட்டிட்டுப் போனீங்கல்ல. அங்க பேங்க் டீம்ல ஆடினவங்க யாரும் கையால எறியல சார். முட்டிய மடக்கி எந்திரிக்கும்போதே பந்து போயிருது."

ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு அணியைக் கூட்டிப்போவேன். இரவு விளக்கு வெளிச்சம், சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருக்கும். ராணுவ அணி, வங்கி அணி, ரயில்வே அணி என்று நாட்டின் பெரிய ஆட்டக்காரர்களைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம். பையன்கள் பரோட்டாவுக்கு வருகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். இவன் முட்டியைப் பார்த்திருக்கிறான். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

தண்டாலை நிறுத்தினோம். பதிலுக்குப் படிக்கட்டு. பார்வையாளர் கேலரியில் ஏறி இறங்கி, குந்தி எழுந்து, ரிங்குக்கு அருகிலிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் போய் எறிவது. கை பழையபடி ஆனது. நேர் எதிரே நின்று 6.75-லிருந்து எறிவது மட்டும் பத்துக்கு மூன்றுக்கு மேல் ஏறவில்லை.

15 ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். "சார், கோடு எல்லா எடத்துலயும் அரை மீட்டர் தள்ளிப் போகல."

அவன் சொன்னது சரி. மூலையில் அந்தக் கோடு வளையாது, பக்கக் கோட்டுக்கு இணையாக நேராக ஓடும். முன்பு பக்கக் கோட்டிலிருந்து 1.25 மீட்டர் தள்ளி ஓடியது இப்போது 90 சென்டிமீட்டரில் ஓடுகிறது. ஆக மூலையில் ரிங்குக்கும் கோட்டுக்கும் 6.60 மீட்டர்தான். மற்ற இடத்தில் 50 சென்டிமீட்டர் தள்ளிப்போன கோடு அங்கே 35 மட்டுமே தள்ளிப்போயிருந்தது. படம் போட்ட விதிப்புத்தகம் என் மேசையிலேயே இருந்தது. கயிறு பிடித்து அடித்ததும் நாங்கள்தான். கணக்குப் போட்டுப் பார்த்தவன் 15 ஒருவன்தான்.

7-ஐ மூலைக்கு அனுப்பினேன். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்கு இரண்டு மாதம். மூலையிலிருந்து பார்த்தால் ரிங்குக்குப் பின்னால் பலகை தெரியாது. வெறும் வானம். தூரம் மட்டுப்படாது. மேலும் அங்கே பந்து சும்மா போய்ச் சேராது. ஒரு பக்கத்திலிருந்து மறுமூலைக்கு எறிகிற நீளமான பாஸ் காற்றில் மிதக்கும் நேரத்தில் எதிராளி வந்துவிடுவான். எனவே முதலில் பந்து ரிங்குக்கு அடியில் நிற்கும் 11-க்குப் போக வேண்டும். 11-ஐ மறிக்க இரண்டு பேர் வருவார்கள். வந்ததும் அவன் மூலைக்கு வெளியே தள்ள வேண்டும். வாலிபால் கை அப்போதுதான் பயன்பட்டது. பிடித்து, திரும்பி, பார்த்து எறிகிற வேலையே கிடையாது. வந்த பந்தை வந்த வேகத்திலேயே மூலைக்குத் தட்டிவிடுவான்.

இதில் எங்கள் மைதானத்துக்கே உரிய ஒரு தொந்தரவு உண்டு. புரட்டாசி பிறந்தால் மாலையில் இடியோடு மழை. சிமெண்ட் தரையின் வாட்டம் சரியில்லாததால் தண்ணீர் முழுக்கத் தென்மேற்கு மூலையில்தான் போய் நிற்கும். 7 நிற்க வேண்டிய அதே மூலை. நான்கு மணிக்கு விளக்குமாறும் சாக்கும் எடுத்துக்கொண்டு 12 பேரும் இறைப்போம். ஈரத்தில் தோல் பந்து ஒரு வாரம் தாங்காது, ரப்பர் பந்துதான். அது சற்று எகிறும், கையில் வழுக்கும். போட்டியில் வேறு பந்து. எல்லாவற்றையும்விட, மூலையில் நிற்க இருப்பது 90 சென்டிமீட்டர். அதற்குள் 10-ஆம் நம்பர் ஷூ இரண்டு, நீலக் கோட்டை மிதிக்காமல், பக்கக் கோட்டையும் மிதிக்காமல். பக்கக் கோட்டை மிதித்தால் பந்தே எதிரணிக்கு. பயிற்சி ஆட்டங்களில் அவன் குதிகால் பின்னால் கோட்டில் பட்டுக்கொண்டே இருந்தது. நான் ஓரத்தில் நின்று கத்துவேன்: "உள்ள வாடா... உள்ள, உள்ள!" அக்டோபர் வரும்வரை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கத்தியிருப்பேன். போகப்போகக் குதிகால் கோட்டில் படுவது நின்றது.

11-க்கு வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இருந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கொடுத்த ஆன் டியூட்டி கடிதங்கள் ஒரு பேராசிரியரின் மேசையிலேயே தூங்கின. அவர் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். "விளையாட்டு சோறு போடுமா சார்?" என்றார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கிக்கும் ரயில்வேக்கும் வருமானவரித் துறைக்கும் போன பையன்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை. அவருக்குத் தேவை என் பதில் இல்லை, நான் நிற்பது. நின்றேன். கையெழுத்துப் போட்டார்.

போட்டி அக்டோபர் கடைசியில், வேறொரு கல்லூரியில். முதல் இரண்டு ஆட்டமும் லேசாக முடிந்தது. 7 மூலையிலிருந்து ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் நாலு. அந்த இளஞ்சிவப்புத் தாள்கள் ஏதாவது கோப்பில் இருக்கும்.

அரையிறுதி சனிக்கிழமை மாலை. அந்த மைதானத்திலும் பழைய கோட்டை அழிக்கவில்லை. பழையது வெள்ளை, புதியது சிவப்பு. காலையிலேயே பையன்களைச் சிவப்பின் மேல் நடக்கவைத்துக் காட்டினேன்.

மூன்றாம் கால்பகுதியில் பிடி விட்டுப்போனது. ஓர் அணி ஒரு கால்பகுதியில் நாலு ஃபவுலைத் தாண்டினால் அடுத்த ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நாங்கள் அதை நாலாவது நிமிடத்திலேயே தாண்டிவிட்டோம். அந்தத் தாளில் அந்தப் பகுதியைப் பார்த்தால் எதிரணிப் பக்கம் கறுப்பு எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளி புள்ளியாக இறங்கும். 11-க்கு நாலு ஃபவுல் ஆனபோது உட்காரவைத்திருக்க வேண்டும். உட்காரவைத்தால் 7-க்குப் பந்து வராது. விட்டுவைத்தேன். நாலாம் பகுதியில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கையில் ஐந்தாவது ஃபவுல். 11 வந்து பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். அதோடு நாங்கள் இரண்டு மாதம் கட்டியது பாதி சரிந்தது. மீதி பாதியை 4 தன் வாயாலும் காலாலும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

11 விநாடி மிச்சம். எதிரணி ஒரு ஃப்ரீ த்ரோ போட்டு 64-61 ஆக்கியது. என்னிடம் டைம்-அவுட் தீர்ந்துபோயிருந்தது. போட வேண்டியது ஒரு மூன்று புள்ளி, அது விழுந்தால் கூடுதல் நேரம். 4 பந்தை வாங்கிக்கொண்டு ஓடினான். நடுவில் புகுந்தான். இரண்டு பேர் அவனை அடைத்தார்கள். எங்கள் பெஞ்சுக்கு முன்னால் இருக்கும் மூலைக்குப் பந்து வந்தது. 7 அங்கே இருந்தான். பிடித்தான், முட்டி மடங்கியது, எழுந்தான். என் கண் பந்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தது. குதிகால் பக்கக் கோட்டிலிருந்து நன்றாக விலகி இருந்தது. ரொம்ப நன்றாக. இரண்டு ஷூவும் சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருந்த அந்த 35 சென்டிமீட்டருக்குள், அளந்து வைத்த மாதிரி நின்றன.

நெட் மட்டும் அசைந்தது. மணி அடித்தது. கூடுதல் நேரம் என்று பெஞ்சே எழுந்து உள்ளே ஓடியது. நடுவர் மேசையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

64-63.

பையன்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மூன்று என்றார்கள், சிவப்புக்கு வெளியே என்றார்கள், சத்தியம் செய்தார்கள். தாளின் அடியில் ஒரு கோடு உண்டு. ஆட்சேபம் இருந்தால் மட்டும் கேப்டன் அங்கே கையெழுத்திட வேண்டும். 4 மேசையிலிருந்த பேனாவை எடுத்துவிட்டான். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டுதான்டா. பேனாவ வச்சிட்டு வா."

"சார், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

7 அந்த மூலையிலேயே நின்றுகொண்டிருந்தான். தன் காலைப் பார்த்துக்கொண்டு. நான் அருகே போனதும், "வெள்ளைக்கு வெளியதான சார் நின்னேன்" என்றான். பிறகு அவனே தரையைப் பார்த்தான். எங்கள் ஊரில் நீலம் கணக்கு, இந்த ஊரில் சிவப்பு கணக்கு, அவன் காலுக்கு மூன்று வருடமாகத் தெரிந்தது வெள்ளை. அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் காலைப் பக்கக் கோட்டிலிருந்து உள்ளே தள்ளியது பெயிண்ட் இல்லை. நாளைக்கு இருபது தடவை என்று இரண்டு மாதம் கேட்ட என் குரல். தோளில் கை வைத்தேன். அதைச் சொல்லவில்லை. பஸ்ஸிலும் யாரும் பேசவில்லை, சட்டப்படி.

நம் ஊரில் கல்லூரி அணியின் பருவம் இப்படித்தான் திடீரென்று முடியும். அதற்குப் பிறகு பல்கலைக்கழக அணி. கல்லூரிகளிலிருந்து 12 பேரைப் பொறுக்குவார்கள், அவர்கள் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள், அங்கே முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. 7-ம் 11-ம் தேர்வானார்கள். வேறு ஜெர்சி, வேறு எண், வேறு கோச். தென்மண்டலத்தோடு திரும்பி வந்தார்கள். 11 பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போனான். 7 அப்பாவின் உரக்கடையைப் பார்க்கப் போனான். மூலையிலிருந்து எறிந்த அந்தப் பந்து எண்ணிக்கையில் மூன்றாக இருந்திருந்தால் அவன் வாழ்க்கை வேறாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அரசு வேலைக்குத் தேவை சான்றிதழ், அது இருவருக்கும் ஒன்றுதான். 11-க்கு உயரமும் இருந்தது.

இந்த அரையிறுதியைப் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். புத்தாக்கப் பயிற்சி வகுப்புகளில் இளம் உடற்கல்வி ஆசிரியர்களுக்குக்கூட. "உள்ள, உள்ள" என்று கத்தியதை மறைக்காமல் சொல்வேன். கடைசி 11 விநாடியில் ஒரு டைம்-அவுட் மட்டும் கையில் இருந்திருந்தால், உட்காரவைத்து, சிவப்பைக் காட்டி, ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன் என்று முடிப்பேன். ஆட்களும் தலையாட்டிக்கொள்வார்கள். மற்ற மஞ்சள் தாள்களையெல்லாம் எத்தனையோ முறை விரித்து வைத்துப் படித்திருக்கிறேன். அதை மட்டும் நாலாக மடித்தபடியே வைத்திருந்தேன்.

போன தை மாதம் 15 வீட்டுக்கு வந்தான். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். சனி ஞாயிறுகளில் மாவட்டப் போட்டிகளில் மேசை அதிகாரியாக உட்கார்கிறான், ஸ்கோர் எழுதுகிறான். அவன் எழுத்து நான்காவது தாள்வரை பதியும் என்று ஊருக்குள் பெயர். ஷூ டப்பாவைக் கேட்டான். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். மடித்த தாளுக்கு வந்ததும் என்னைப் பார்த்தான். பிரி என்றேன்.

பத்து வருடத்துக்கு மேலானதில் எழுத்து ஆவியாகிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தான். 63-க்கு நேரே 7, வட்டம் இல்லாமல். தன் பெயருக்கு நேரே வெறும் கட்டம். அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு விரலை மேலே, டைம்-அவுட் கட்டங்களுக்குக் கொண்டுபோனான். முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று. எடுத்த டைம்-அவுட்டுக்கு அந்தக் கட்டத்தில் நிமிடத்தை எழுதுவார்கள். எடுக்காமல் விட்டதற்கு, அந்தப் பாதி முடிந்ததும், இரண்டு படுக்கைக் கோடு.

இரண்டாம் பாதியில் முதல் கட்டத்தில் 6. அடுத்ததில் 7. மூன்றாவதில் இரண்டு படுக்கைக் கோடுகள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். தாளைத் திருப்பிப் பார்த்தேன், எதிரணியின் கட்டமோ என்று. எங்களுடையதுதான்.

"ஒண்ணு இருந்துச்சு சார்" என்றான் 15. "நோட்டுல நானும் குறிச்சிருந்தேன். பெஞ்சுலேர்ந்து சொன்னேன். சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

உள்ளே என் மனைவி பால் பொங்குகிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டா, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்கதான சார் சொல்வீங்க" என்றான், தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு. "தோத்த மேட்ச்ச பத்தி பஸ்ல பேசக் கூடாதுன்னு."